பெண்களின் அரசியல் தடைகளைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகின் முதல் பெண் பிரதமராக 1960-இல் சிறிமாவோ பண்டாரநாயக்க பதவியேற்ற இலங்கையில், அதன் பின் 2024 தேர்தல் வரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நாடாளுமன்றப் பெண் உறுப்பினர்களின் பங்கு 7 சதவீதத்தைத் தாண்டவில்லை. படுகொலை செய்யப்பட்ட பிரதமரின் மனைவிக்குத் திறந்த கதவு, அரசியல் குடும்பப் பின்னணி இல்லாத பெண்களுக்குத் திறக்கவில்லை. ஆகவே, ஒரு தலைவியைச் சுட்டிக்காட்டித் தடைகள் நீங்கிவிட்டன என்று முடிவு கட்டக்கூடாது.

பெண்களுக்கு மக்கள் வாக்களிப்பதில்லை என்பதும் ஆராயாமல் சொல்லப்படுவதே. இந்தியாவின் 2019 மக்களவைத் தேர்தலில் போட்டியிட்ட பெண்களில் சுமார் பத்துப் பேருக்கு ஒருவரும், ஆண்களில் ஏறத்தாழ பதினாறு பேருக்கு ஒருவரும் வென்றனர். இந்தக் கணக்கு மட்டுமே எதையும் நிரூபித்துவிடாது. ஆனால், வேட்பாளர்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பெண்கள் இல்லாதபோது, வாக்காளரைக் குறை சொல்லுமுன் சீட்டு வழங்கும் கட்சித் தலைமையைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

மிகவும் கவனிக்க வேண்டிய தவறு, இட ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தவுடன் வேலை முடிந்தது என்று நம்புவது. வேட்பாளர்களில் 30 சதவீத இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டம் பிரேசிலில் 1997-இல் வந்தது. ஆனால் பல கட்சிகள் பட்டியலை நிரப்புவதற்காகவே பெண்களின் பெயர்களைச் சேர்த்து, பிரசாரத்துக்குப் பணம் தராமல் கைவிட்டதால், 2022-இல்கூடக் கீழவையின் 513 இடங்களில் பெண்கள் பெற்றவை 91 மட்டுமே. மெக்சிகோவில் 2009-இல் நடந்தது இன்னும் கொடியது: வென்ற பெண்கள் சிலர் பதவி விலக, அவர்களுக்கு மாற்றாகப் பதிவாகியிருந்த ஆண்கள் அந்த இடங்களில் அமர்ந்தனர். பெண் வேட்பாளருக்கு மாற்றும் பெண்ணாகவே இருக்க வேண்டும் என்று 2011-இல் தேர்தல் தீர்ப்பாயம் கூறிய பிறகே அந்த வழி அடைபட்டது. ருவாண்டா வேறு பாதையில் சென்றது. 2003 அரசமைப்பு குறைந்தது 30 சதவீத இடங்களையே பெண்களுக்கு உறுதிசெய்ததால், 2008-இல் அங்கே கீழவையில் பெண்கள் பெரும்பான்மையாயினர்.

வெற்றிக்குப் பிந்தைய நாட்களையும் மறக்கலாகாது. பொலிவியாவில், கூட்டங்களில் பங்கேற்கவிடாமல் தடுக்கப்பட்டுவந்த உள்ளாட்சி உறுப்பினர் ஹுவானா கிஸ்பே 2012-இல் கொல்லப்பட்டார். அதே ஆண்டு, அரசியலில் உள்ள பெண்கள் மீதான துன்புறுத்தலுக்கும் வன்முறைக்கும் எதிராக இயற்றப்பட்ட சட்டம், மிரட்டிக் கையொப்பம் பெறும் வழக்கத்தை மனதில் கொண்டு, பதவி விலகல் கடிதத்தை அந்தப் பெண்ணே தேர்தல் அமைப்பிடம் நேரில் தர வேண்டும் என்றது.