நாளைக்கு ரப்பர் பால் வெட்டலாமா? வானம் பார்க்கும் முறை

மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தை (இன்றைய பெஸ்தாரி ஜெயா) பக்கம் ரப்பர் பால் வெட்டுக்குப் புதிதாக இறங்குகிறவர்களுக்கு இது. சீவிய மரம் இரண்டு மூன்று மணி நேரம் பால் சொட்டும். இடையில் மழை பிடித்தால் பால் சீவிய கோட்டைத் தாண்டிப் பட்டை மேல் பரவிவிடும். மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழுந்ததிலும் தண்ணீர் சேரும். ஆகவே தெரிய வேண்டியது ஒன்றுதான்: காலை பத்து மணிக்குள் மழை வருமா?

1. முதல் நாள் மாலை
'எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறின் மழை' என்பார்கள். ஒரே ஒரு வரிசையை வைத்து முடிவு கட்டாதீர்கள். புற்றில் யாராவது தண்ணீர் ஊற்றினாலும் எறும்பு இடம் மாறும். இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். ஈசலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். பெரும்பாலும் மண் நனைந்த பிறகுதான் அது கிளம்பும்.

2. இரவு
நிலாவைச் சுற்றி வட்டம் தெரிந்தால், கையை முழுக்க நீட்டி விரல்களை விரியுங்கள். கட்டைவிரல் நுனி நிலாவிலும் சுண்டுவிரல் நுனி வட்டத்திலும் பட்டால், அது உயர மேகத்தின் பனித்துகளில் விழும் 22 பாகை வட்டம். 'அகல் வட்டம் பகல் மழை' என்பது இதைத்தான். ஆனால் இங்கே சாயங்கால இடிமழை ஓய்ந்த பின் மிஞ்சும் மேல்மேகத்திலும் இதே வட்டம் விழும். பாதி மதிப்பெண் கொடுங்கள், போதும்.

3. விடியற்காலை ஐந்து மணி
பலரும் சறுக்குவது இங்கேதான். தலைக்கு மேல் நட்சத்திரம் தெரிகிறதே என்று உளியை எடுத்துவிடுவார்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை வரும் சுமத்ரா காற்றுமழை மலாக்கா நீரிணையைத் தாண்டி மேற்கிலிருந்து வருவது. தொலைவில் இருக்கும்போது அடிவானத்தில் மட்டுமே தெரியும். செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் நின்றால் அதுவும் மறைந்துவிடும். மேற்கு திறந்திருக்கும் சாலைக்கு வாருங்கள். சத்தமில்லாத மின்னல் என்றால் இன்னும் தூரம். இடி கேட்டால் மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை மூன்றால் வகுங்கள், கிலோமீட்டர் கிடைக்கும். ஆனால் திறந்த வெளியில் நிற்காமல் வீட்டுக்குள்ளிருந்து எண்ணுங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணும்போது குறைந்திருந்தால் நம் பக்கம்தான் வருகிறது. காற்று அசையாமல் கிடந்து, திடீரென மேற்கிலிருந்து குளிர்ந்து வீசினால் மழை வாசலில் நிற்கிறது. இடி கேட்கும்போது மரத்தடிக்குப் போகவே கூடாது.

கைப்பேசியில் வானிலைத் துறையின் ராடார் படத்தையும் பாருங்கள். நாள் முழுதுக்குமான 'இடியுடன் மழை' என்ற வரியைவிட அந்தப் படம் எவ்வளவோ மேல்.

4. கணக்கு
பார்த்த அறிகுறி, மழை வந்த நேரம், அளவு மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். அளக்க மைலோ டின்னே போதும்: அடி தட்டை, பக்கம் நேர். காலை எட்டு மணிக்கு ரூலரை உள்ளே நிறுத்தினால் தண்ணீர் நிற்கும் மில்லிமீட்டரே மழை அளவு. கூரை ஓரத்திலும் மரத்தடியிலும் வைக்காதீர்கள். சொட்டுத் தண்ணீர் கணக்கைக் கெடுத்துவிடும்.