விலை குறைந்த சுருட்டுகளை ருசி பார்த்து ஒப்பிடுவது எப்படி

சுருட்டு எப்படி இருந்தது என்று யாரைக் கேட்டாலும் "நல்ல காட்டம்" அல்லது "காட்டமே இல்லை" என்றுதான் பதில் வருகிறது. உறையூரில் சுற்றிய சுருட்டுக்கும் திண்டுக்கல் பக்கத்துச் சுருட்டுக்கும் சேர்த்து இந்த ஒரே சொல்லா? சுருட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்தில் செரூட் ஆனது, ஆனால் அதன் ருசியைச் சொல்ல நம்மிடம் ஒற்றைச் சொல்தான் புழங்குகிறது. ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கும் சுருட்டிலும் கவனித்துப் பார்த்தால் நிறைய வித்தியாசம் இருக்கிறது, அதைப் பிடிக்கும் முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. இது ஏற்கெனவே சுருட்டு பிடிக்கும் பெரியவர்களுக்கு. பழக்கமில்லாதவர்கள் இதைப் படித்துவிட்டு ஆரம்பிக்க வேண்டாம், புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்ப் புற்றுநோய் வரும். வெறும் வயிற்றிலும் பிடிக்காதீர்கள், குமட்டலும் தலைசுற்றலும் வந்துவிட்டால் அன்றைக்கு எந்த ருசியும் தெரியாது.

வாங்கும்போது ஒவ்வொரு வகையிலும் குறைந்தது மூன்று வாங்குங்கள். கையால் சுற்றுவது என்பதால் ஒரே கட்டிலேயே ஒன்று இறுக்கமாகவும் இன்னொன்று தளர்வாகவும் இருக்கும், ஒன்றை மட்டும் பிடித்துவிட்டு அந்த வகையே மோசம் என்று சொல்வது நியாயமில்லை. பெட்டிக்கடையில் வாங்குவதாக இருந்தால் எப்போது வந்த சரக்கு என்று கேளுங்கள். கருப்பசாமிக்கும் மதுரை வீரனுக்கும் படையல் வைக்க வாங்குகிறவர்களை நம்பி மாதக்கணக்கில் பாட்டிலில் கிடக்கும் சுருட்டும் உண்டு, அது சருகாகக் காய்ந்திருக்கும். சுருட்டு சுற்றும் இடத்திலேயே நேராக வாங்கினால் நேர்மாறான சிக்கல், ஈரம் போகாத இலை.

அதனால் வாங்கிய அன்றே பிடிக்காதீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் எல்லா வகையையும் ஒன்றாகப் போட்டு, டப்பாவுக்குள் ஈரப்பதத்தை 65 சதவீதத்திலேயே வைத்திருக்கும் சின்ன உறை ஒன்றையும் உள்ளே வைத்து, பத்துப் பதினைந்து நாள் விடுங்கள். வாசனைப் பாக்கு, ஊதுபத்தி பக்கத்தில் டப்பா வேண்டாம், இலை எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும்.

பற்ற வைப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துவிடும். விரலால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். போன மாதம் நான் வாங்கிய ஒன்றில் நடுவில் தீக்குச்சி தடிமனுக்கு ஏதோ தட்டுப்பட்டது, பிரித்துப் பார்த்தால் இலையின் நடு நரம்பை எடுக்காமல் அப்படியே வைத்துச் சுற்றியிருந்தார்கள். அது புகையை அடைக்கும், ஒரு பக்கமாக எரிய வைக்கும். அப்புறம் மூக்கருகே வைத்து முகருங்கள். கண்ணைக் கரிக்கிற மாதிரி நவச்சார (அம்மோனியா) வாடை வந்தால் இலை சரியாகப் புளிக்கவில்லை என்று அர்த்தம், அதை எடுத்துத் தனியே வைத்துவிட்டு இரண்டு மாதம் கழித்துப் பாருங்கள். நம் ஊர்ச் சுருட்டு பெரும்பாலும் இரண்டு முனையும் வெட்டியே வரும், பற்ற வைக்காமல் ஒருமுறை சும்மா இழுத்துப் பார்த்தால் காற்று வருகிறதா, நாக்கில் உப்பா இனிப்பா என்பது தெரியும்.

பற்ற வைக்க மரத் தீக்குச்சிதான் நல்லது. மருந்து எரிந்து முடியும் வரை ஒரு நொடி பொறுத்து, சுடரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து, முனை முழுக்கச் சிவக்கும்படி சுருட்டைச் சுழற்றுங்கள். பிறகு நிமிடத்துக்கு ஓர் இழுப்பு, அதற்கு மேல் வேண்டாம். அவசரமாக இழுத்தால் சூடேறி எந்தச் சுருட்டும் கசக்கும், மலிவான சுருட்டைக் குறை சொல்கிறவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனி ருசி. நான் இதை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறேன்: தொண்டையைப் பிடிப்பது காட்டம், தலைக்கு ஏறுவது வேகம், நாக்கிலும் மூக்கிலும் நிற்பதுதான் ருசி. மூன்றும் வேறு வேறு. காட்டம் அதிகமாகவும் வேகம் குறைவாகவும் இருக்கும் சுருட்டு உண்டு. சுருட்டை மனத்துக்குள் மூன்று பங்காகப் போட்டு, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரி எழுதுங்கள். அந்நியமான பழம், கொட்டை பெயரெல்லாம் தேட வேண்டாம், நம் சமையலறையிலேயே எல்லாம் இருக்கிறது. என் நோட்டில் இருப்பது இப்படி: "முதல் பங்கு வறுத்த மல்லி, லேசாகப் புளிப்பு. நடுவில் கருப்பட்டி. கடைசியில் கொட்டைப்பாக்குத் துவர்ப்பு, நாக்கு வறள்கிறது." ஆறு மாதம் கழித்துப் படித்தாலும் அந்தச் சுருட்டு வாயில் வந்து நிற்கிறது.

சாம்பல் வெள்ளையாக இருந்தால் உசத்தி என்று சொல்வார்கள், அதை வைத்து மதிப்பெண் போட வேண்டாம். ஆனால் அடிக்கடி அணைகிறதா என்பதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள். ஈரம் சரியாக இருந்தும் அணைந்தால் குறை இலையில் இருக்கலாம்: உப்பு அதிகமுள்ள கிணற்று நீர் பாய்ச்சிய புகையிலையில் குளோரைடு ஏறிவிடும், அப்படிப்பட்ட இலை சரியாக எரியாது. புகையிலைக்கு மண்ணும் தண்ணீரும் அவ்வளவு முக்கியம், சுருட்டு இலைக்கென்றே வேடசந்தூரில் 1948-ல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள்.

ஒப்பிடும்போது ஒரே மாலையில் இரண்டு பிடிக்காதீர்கள். முதல் சுருட்டிலேயே நாக்கு மரத்துவிடும், இரண்டாவது எப்போதும் தோற்கும். இன்று ஒன்று, நாளை அதே நேரத்தில் இன்னொன்று, இரண்டு நாளும் ஒரே மாதிரிச் சாப்பாடு, குடிக்கத் தண்ணீர் மட்டும். காபி நன்றாகத்தான் சேரும், ஆனால் அது சுருட்டின் குறையை மூடிவிடும். 2008 அக்டோபர் 2 முதல் பொது இடத்தில் புகைக்கத் தடை இருக்கிறது, அதனால் காற்றில்லாத மொட்டை மாடிதான் வசதி, குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது.

மூன்றாவது சுருட்டைக் கண்கட்டு ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லேபிளைக் கழற்றி, எது எது என்று வேறொருவரிடம் குறிக்கச் சொல்லுங்கள். என் மச்சான் அப்படி வைத்துக்கொடுத்தபோது, விலை பாதியாக இருந்த உறையூர்ச் சுருட்டுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போட்டிருந்தேன். கருப்பட்டி மணம் அதில்தான் கடைசிவரை நின்றது. அடுத்த கட்டு வாங்கியதும் நோட்டில் தேதியைப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன், புது இலை வந்திருந்தால் ருசி மாறியிருக்கும்.