பாலைவன ஓவியம் ஒன்றைப் பார்ப்பது எப்படி

ஐரோப்பியர் கிழக்கு நாடுகளை வரைந்த நிலக்காட்சி கையில் கிடைத்தால், விளக்கக் குறிப்பை விட்டுவிட்டு முதலில் அடிவானத்தைப் பாருங்கள். பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கியோமே 1867இல் அல்ஜீரியப் பாலைவனத்தை வரைந்த 'சகாரா'வை ஃபோனில் பெரிதாக்குங்கள். மரமோ நிழலோ இல்லை, முன்னால் ஓர் ஒட்டகத்தின் எலும்புக்கூடு, தூரத்தில் தூசிக்குள் கரைகிற ஒட்டகக் கூட்டம். ஆவணியில் சோளகக் காற்று அடிக்க, வற்றின குளத்துக்குள் நின்ற வன்னி ஆட்களுக்கு அந்த மஞ்சள் வெளிச்சத்தை விளக்கத் தேவையில்லை. சாவு அருகில், உயிர் எட்டாத தூரத்தில். அந்த இடைவெளிதான் ஓவியத்தின் மனநிலை.

அப்புறம் யாருக்காக வரைந்தார் என்று கேளுங்கள், எனக்கு இதுதான் முக்கியம். பிரெஞ்சுப் படை அல்ஜீரியாவில் இறங்கியது 1830இல், ஓவியத்தைப் பார்த்தவர்கள் பாரிஸ்காரர். வெறும் நிலமாகக் காட்டினால் அங்கே வாழ்ந்தவர்கள் கண்ணில் படமாட்டார்கள். குளமும் வயலும் இருக்கும்போதே வன்னியையும் வெறும் காடு என்று சொன்னவர்கள் உண்டு, அதனால் நமக்கு இது சட்டென்று பிடிபடும்.

ஆனால் கியோமே அல்ஜீரியாவுக்குப் பலமுறை போய்க் கிராம வாழ்க்கையையும் வரைந்தவர். அந்தப் படங்களையும் பக்கத்தில் வைத்து, கிணறு, கூடாரம், ஆட்டுமந்தை என்று 'சகாரா'வில் இல்லாதவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.