மெயில் சர்வர் அப்கிரேடுக்குப் பிறகு பதறிப்போய்ச் செய்யும் தவறுகள்

லினக்ஸ் வகையான டெபியனில் 12-இலிருந்து 13-க்கு மாறும் மெயில் சர்வர்களில் அடிக்கடி நடப்பது இது. அப்கிரேட் ஒழுங்காக முடியும், ரீபூட் ஆகும், வெப்சைட் எல்லாம் ஓடும், மெயில் மட்டும் படுத்துவிடும். பெரும்பாலும் காரணம் டவ்காட்தான், அதாவது யூசரின் லாகினைச் சரிபார்த்து மெயில்பாக்ஸைத் திறந்து காட்டும் மென்பொருள். 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் இருப்பது டவ்காட் 2.4. பழைய 2.3-க்கு எழுதிய கான்ஃபிக் ஃபைலை அது ஏற்காது. எந்தப் பதிப்புக்கான கான்ஃபிக் என்பதை ஃபைலின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஸ்டார்ட்டே ஆகாது. அப்கிரேடின் நடுவில் "உன் பழைய ஃபைலையே வைத்துக்கொள்ளவா" என்று கேட்கும்போது எல்லோரும் பழக்கத்தில் என்டர் தட்டிவிடுகிறோம், மாட்டிக்கொள்வது அங்கேதான்.

சரி, இது சரிசெய்யக்கூடிய விஷயம். ஆனால் சரிசெய்கிறேன் என்று இறங்கிச் செய்யும் வேலைகளால்தான் மெயில் நிஜமாகவே தொலைகிறது. ஒன்றைப் புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும்: வருகிற மெயிலுக்கு உங்கள் சர்வர் 250 ("வாங்கிக்கொண்டேன்") என்று பதில் சொல்லும்வரை அது அனுப்பியவரின் பொறுப்பு, சொன்ன நொடியிலிருந்து உங்கள் பொறுப்பு. 4-இல் தொடங்கும் பதில் கொடுத்தால் "அப்புறம் வா" என்று அர்த்தம், எதிர் சர்வர் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும். வெளி மெயில் வந்து சேரும் வாசலான போர்ட் 25 மூடியே கிடந்தாலும் அப்படித்தான். மெயிலை வாங்கி அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் வழக்கமாக 5 நாள் வரை விடாமல் முயலும், ஒழுங்காக அமைத்த மற்ற சர்வர்களும் ஒரு நாளில் கைவிடுவதில்லை. ஆனால் 5-இல் தொடங்கும் பதில் போய்விட்டால் கதை முடிந்தது, மெயில் அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும்.

அதனால் முதல் தவறு, போர்ட் 25-ஐத் திறந்து வைத்துக்கொண்டே கான்ஃபிக்கை நோண்டுவது. யூசர் பட்டியல் இருக்கும் டேட்டாபேஸ் பேசாமல் போனால் போஸ்ட்ஃபிக்ஸ் 451 என்று தற்காலிகப் பிழைதான் சொல்லும், பரவாயில்லை. ஆனால் அந்தப் பட்டியல் காலியாகத் தெரிந்தாலோ, உங்கள் மெயின் கான்ஃபிக் இருந்த இடத்தில் புதிய டீஃபால்ட் ஃபைல் உட்கார்ந்துவிட்டாலோ, வருகிற மெயிலுக்கெல்லாம் "அப்படி ஒரு யூசரே இல்லை" என்று 550 போகக்கூடும். நீங்கள் சேர்ந்திருக்கும் மெயிலிங் லிஸ்ட்டுகள் உங்களை நீக்கிவிடவும் கூடும். வேலை முடியும்வரை போஸ்ட்ஃபிக்ஸை நிறுத்தி வையுங்கள். நிறுத்த முடியாத நிலை என்றால் 'சாஃப்ட் பவுன்ஸ்' செட்டிங்கை 'எஸ்' ஆக்குங்கள், 5-இல் தொடங்கும் பதில்கள் 4-ஆக மாறிப் போகும்.

இதைவிட மோசமானது ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது சர்வரை அப்படியே பதிந்துவைத்த பழைய நகலுக்கு, திரும்புவது. காலையில் அப்கிரேட், மாலைவரை போராட்டம், கடைசியில் வெறுத்துப்போய் காலை ஸ்னாப்ஷாட்டையே ரீஸ்டோர் செய்துவிடுகிறார்கள். இடையில் 250 சொல்லி வாங்கிய மெயிலெல்லாம் போச்சு. அனுப்பியவர் பக்கம் அது டெலிவரி ஆகிவிட்டது என்றே இருக்கும், யாரும் திரும்ப அனுப்ப மாட்டார்கள். திரும்பித்தான் ஆகவேண்டும் என்றால் முதலில் மெயில்பாக்ஸ் டைரக்டரியையும் போஸ்ட்ஃபிக்ஸ் கியூவையும் வேறு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். கியூ நிறைந்து கிடக்கிறதே என்று எல்லாவற்றையும் டெலீட் செய்வதும் இதே வகைதான். அதில் இருப்பது நீங்கள் பொறுப்பேற்ற மெயில்.

அப்புறம் லாக். மெயில் லாக் ஃபைலே காணோம் என்று தேடுபவர்களுக்கு: டெபியன் 12-இலிருந்து புதிதாக இன்ஸ்டால் செய்த மெஷின்களில் லாக் ஃபைல்களை எழுதும் ஆர்சிஸ்லாக் தானாக வருவதில்லை, சிஸ்டத்தின் ஜர்னலில்தான் பார்க்க வேண்டும். பார்க்கும்போது கடைசி வரியைப் பிடித்துக்கொள்ளாமல் முதல் பிழையைத் தேடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் லாகில் "ஃபேட்டல்: நோ எஸ்ஏஎஸ்எல் ஆதன்டிகேஷன் மெக்கானிசம்ஸ்" (லாகினைச் சரிபார்க்க வழியே இல்லை) என்று வந்தவுடன் போஸ்ட்ஃபிக்ஸின் லாகின் செட்டிங்குகளைப் பிரித்துப் போடுபவர்கள் நிறைய. அதற்கு ஒரு வரி மேலே 'பிரைவேட்/ஆத்' என்ற சாக்கெட்டை (இரண்டு மென்பொருள்களும் பேசிக்கொள்ளும் இணைப்பு) தொட முடியவில்லை, அப்படி ஒரு ஃபைலே இல்லை என்று எழுதியிருக்கும். அந்த சாக்கெட்டை உருவாக்க வேண்டியது டவ்காட், அதுதான் எழுந்திருக்கவே இல்லையே! போஸ்ட்ஃபிக்ஸ் மேல் ஒரு குற்றமும் இல்லை.

டவ்காட் கான்ஃபிக்கை 2.4-க்கு மாற்றும்போது வெறும் பெயர்மாற்றம் என்று நினைத்துவிடாதீர்கள். பழைய 'டிசேபிள் பிளெயின்டெக்ஸ்ட் ஆத்' போய் 'ஆத் அலவ் கிளியர்டெக்ஸ்ட்' வந்திருக்கிறது, அர்த்தம் நேர் எதிர். முன்பு 'எஸ்' என்று இருந்ததை இங்கேயும் 'எஸ்' என்று போட்டால் பாஸ்வேர்டுகள் என்கிரிப்ஷன் இல்லாமல் போக வழி திறந்துவிடுகிறீர்கள். எல்லாம் வேலை செய்யும், அதனால் கண்ணிலும் படாது. 'மெயில் லொகேஷன்' என்ற ஒரே வரியும் இப்போது டிரைவர் (மெயில் சேமிக்கும் வகை) தனி, பாத் (அது இருக்கும் இடம்) தனி என்று பிரிந்துவிட்டது. பாத் தப்பானால் யூசர் லாகின் செய்ததும் காலி இன்பாக்ஸ் தெரியும், உடனே போன் வரும். மெயில் எங்கும் போகவில்லை, டவ்காட் வேறு இடத்தில் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் ரூட்டாக (அட்மின் கணக்கில்) இருந்து ஃபைல்களை இங்கும் அங்கும் காப்பி செய்தால் ஓனர் மாறிப் புதுப் பிழை வரும். எந்த மெயிலுக்கு எந்த எண் என்று குறித்துவைக்கும் 'டவ்காட்-யூஐடிலிஸ்ட்' ஃபைலை அழித்தால் எல்லாருடைய மெயில் ஆப்பும் மொத்தத்தையும் மறுபடி டவுன்லோட் செய்யத் தொடங்கும். இரண்டு சர்வருக்கு நடுவே டவ்காட்டின் ரெப்ளிகேஷன் (ஒன்றின் மெயில் மற்றதிலும் தானாகச் சேர்வது) வைத்திருந்தவர்கள் அப்கிரேடுக்கு முன்பே யோசிக்க வேண்டும், 2.4-இல் அதையே எடுத்துவிட்டார்கள்.

வெளியே போகும் மெயிலில் ஒரு நைசான தவறு உண்டு. மெயிலில் டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ஓபன்டிகேஐஎம் எழவில்லை என்றால் போஸ்ட்ஃபிக்ஸ் டீஃபால்டாக 451 சொல்லி மெயிலை வாங்க மறுக்கும். யூசர்கள் கத்துகிறார்களே என்று, இப்படித் துணை மென்பொருள் பேசாதபோது என்ன செய்வது என்று சொல்லும் மில்டர் ஆக்‌ஷனை 'அக்செப்ட்' ஆக்கினால் மெயில் கிளம்பும், ஆனால் கையெழுத்தில்லாமல் கிளம்பும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில், அனுப்புகிற யாராக இருந்தாலும் எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் எந்த சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்) அல்லது டிகேஐஎம் (அந்தக் கையெழுத்து) வேண்டும் என்கிறது, ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்பினால் இரண்டும் வேண்டும். "ரிலே அக்சஸ் டினைட்" (வெளியே அனுப்ப அனுமதியில்லை) வருகிறது என்று, லாகின் இல்லாமலே அனுப்பலாம் என்று நம்பும் முகவரிகளின் பட்டியலான 'மைநெட்வொர்க்ஸ்'-இல் உலகத்தையே சேர்த்துவிடுபவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, ஸ்பேம்காரர்கள் சீக்கிரமே வந்து சொல்லிவிடுவார்கள்.

எல்லாம் எழுந்தபின் அதே சர்வரிலிருந்தே டெஸ்ட் மெயில் அனுப்பி "ஓகே" என்று மூடிவிடாதீர்கள். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு எப்போதும் அனுமதி உண்டு, லாகினோ டிஎல்எஸ் என்கிரிப்ஷனோ அங்கே சோதிக்கப்படுவதே இல்லை. மொபைல் டேட்டாவிலிருந்து லாகின் செய்து ஜிமெயிலுக்கு ஒன்று அனுப்புங்கள், அங்கே ஹெட்டரைத் திறந்து எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டும் 'பாஸ்' என்று இருக்கிறதா பாருங்கள், அங்கிருந்து ரிப்ளை போட்டு அது இன்பாக்ஸில் விழுகிறதா பாருங்கள். பிறகு சாஃப்ட் பவுன்ஸை மறக்காமல் 'நோ' ஆக்குங்கள், இல்லையென்றால் நீங்கள் நிராகரித்த மெயில்கூட நாள்கணக்கில் திரும்பத் திரும்ப வந்து கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்.