பால் கணக்கை அம்மாவிடமே விடுங்கள்

வயதான பெற்றோர் ஒரு பெயர் நினைவுக்கு வராமல் தடுமாறினால் நாம் உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். கொஞ்சம் பொறுங்கள். அவர்களே தேடி எடுப்பதுதான் பயிற்சி.

என் அம்மாவுக்கு 74 வயது. பால் கணக்கு, மளிகைச் சீட்டு இரண்டும் அவர் பொறுப்பு. சீட்டை எழுதியதும், பார்க்காமல் ஒருமுறை சொல்லச் சொல்வேன். துவரம்பருப்பு, கடுகு என்று வரிசையாக வரும். பெருங்காயத்தில் மட்டும் சிக்கிக்கொள்வார். சாயங்காலம் பேத்தியுடன் பல்லாங்குழி. 14 குழி, கை நிறையப் புளியங்கொட்டை. எந்தக் குழியில் எடுத்தால் எங்கே போய் முடியும் என்று அவர் மனத்துக்குள் எண்ணுவதைப் பார்க்க வேண்டுமே! (அழுகுணி ஆட்டம் ஆடுவது பேத்திதான்.)

அப்புறம், காது. சரியாகக் கேட்காதவர்கள் பேச்சிலிருந்தே ஒதுங்கிவிடுவார்கள். செவித்திறன் குறைவது மறதி நோய்க்கான வாய்ப்பையும் கூட்டும். காதுப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மறதி திடீரென்று அதிகமானால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிட வேண்டாம். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, ஏன், சில தூக்க மாத்திரைகள்கூடக் காரணமாக இருக்கலாம். முதல் இரண்டும் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள்.