செயலியை நிறுவும் முன்னும் பின்னும்: திறன்பேசிக்குப் புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

என் அக்காவின் திறன்பேசியில், திரையைத் திறக்கும்போதெல்லாம் முழுத்திரை விளம்பரம் ஒன்று சில வாரங்களாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. எந்தச் செயலியைத் திறந்தாலும் அதன் மேல் வந்து நின்றது. கைபேசி பழுதாகிவிட்டது என்று நினைத்துப் புதிது வாங்கவே அவர் முடிவு செய்திருந்தார். தேடிப் பார்த்ததில், கியூஆர் குறியீட்டைப் படிப்பதற்காக அவர் நிறுவிய ஒரு சிறிய செயலிதான் காரணம் என்று தெரிந்தது. அது கேட்டவற்றுக்கெல்லாம் அவர் 'அனுமதி' என்று தொட்டிருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "தொடலைன்னா உள்ளேயே விடமாட்டேங்குதே" என்றார். அந்தக் குறியீட்டை அவருடைய கைபேசியின் கேமராவே படிக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஒரு செயலியைத் தேர்ந்தெடுப்பது முதல் அதை நீக்குவது வரை, ஒவ்வொரு இடத்திலும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: இந்த வேலைக்கு இது எதற்கு? கீழே உள்ள படிகள் அனைத்தும் அந்தக் கேள்வியை எங்கே, எப்படிக் கேட்பது என்பதைத்தான் விளக்குகின்றன. ஆண்ட்ராய்டு கைபேசிகளில் நிறுவனத்துக்கு நிறுவனம் அமைப்புகளின் பெயர்கள் சற்று மாறும். தேடும் இடம் கிடைக்காவிட்டால், அமைப்புகள் பக்கத்தின் மேலே உள்ள தேடல் பெட்டியில் 'அனுமதி', 'ஆப்ஸ்' போன்ற சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள்.

படி 1: கைபேசியிலேயே அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்

டார்ச், கணிப்பான், குரல் பதிவு, கியூஆர் படிப்பான் ஆகியவை இன்றைய கைபேசிகள் பெரும்பாலானவற்றில் முன்பே இருக்கின்றன. ஐபோனின் கேமரா 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் கியூஆர் குறியீட்டைத் தானே படிக்கிறது. காகிதங்களை வருடிச் (ஸ்கேன் செய்து) சேமிக்கும் வசதியும் அதே பதிப்பில் அதன் குறிப்பேட்டுச் செயலியில் சேர்ந்தது. ஆண்ட்ராய்டில் கூகுள் டிரைவ் செயலியைக் கொண்டே காகிதங்களை வருடலாம்.

சிறிய செயலி என்பதால் தீங்கு இருக்காது என்று நினைத்துவிட வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கான மிகப் பிரபலமான டார்ச் செயலி ஒன்று, பயனர்களின் இருப்பிடத் தகவலை அவர்களிடம் சொல்லாமல் விளம்பர நிறுவனங்கள் உள்ளிட்ட பிறருக்கு அனுப்பியதாக அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் 2013இல் நடவடிக்கை எடுத்தது. விளக்கு எரிவதற்கு நாம் நிற்கும் இடம் எதற்கு?

படி 2: கிடைக்கும் இடத்தைச் சரிபாருங்கள்

ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோரிலிருந்தும், ஐபோனில் ஆப் ஸ்டோரிலிருந்தும் மட்டும் செயலிகளை நிறுவுவது தொடக்கநிலையினருக்குப் பாதுகாப்பான வழி. குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ வரும் ஏ.பி.கே. கோப்பை, அதாவது ஸ்டோர் இல்லாமல் நேரடியாகச் செயலியை நிறுவும் கோப்பை, திறக்கவே திறக்காதீர்கள். வங்கி அலுவலர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "இந்தக் கோப்பை நிறுவினால்தான் உங்கள் கணக்கு முடங்காமல் இருக்கும்" என்று சொன்னால், அழைப்பைத் துண்டித்துவிட்டு, உங்கள் வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டுள்ள எண்ணுக்கு நீங்களே அழையுங்கள்.

ஆண்ட்ராய்டு 8 முதல், ஸ்டோருக்கு வெளியிலிருந்து நிறுவும் அனுமதி ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாகத் தரப்படுகிறது. அமைப்புகளில் 'அறியப்படாத ஆப்ஸை நிறுவுதல்' என்று தேடினால் ஒரு பட்டியல் வரும். உலாவி, வாட்ஸ்அப், கோப்பு மேலாளர் என எதற்கும் அங்கே அனுமதி இல்லாமல் இருக்க வேண்டும். இருந்தால் இப்போதே அணைத்துவிடுங்கள்.

வங்கிச் செயலி போன்று பணம் தொடர்புடையவற்றை ஸ்டோரில் பெயரைத் தேடி எடுப்பதைவிட, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள இணைப்பின் வழியாக ஸ்டோருக்குச் செல்வது நல்லது. தேடல் முடிவில் முதலில் வருவது பல நேரங்களில் விளம்பரமாக இருக்கும்.

படி 3: ஸ்டோர் பக்கத்தை நிதானமாகப் படியுங்கள்

செயலியின் பெயருக்குக் கீழே அதை உருவாக்கியவரின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் அவர்களுடைய மற்ற செயலிகள் தெரியும். பெயர் சரியாக இருந்தாலும் அதோடு நின்றுவிட வேண்டாம். 2017இல் வாட்ஸ்அப்பின் பெயரில் ஒரு போலிச் செயலி பிளே ஸ்டோரிலேயே இடம்பெற்று, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முறை பதிவிறக்கப்பட்டது. உருவாக்கிய நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்துக்குறியைச் சேர்த்து, அசலைப் போலவே தோன்றும்படி அதைச் செய்திருந்தார்கள். ஆகவே பதிவிறக்க எண்ணிக்கை, முதலில் வெளியான நாள், கடைசியாகப் புதுப்பித்த நாள் ஆகியவற்றையும் சேர்த்துப் பாருங்கள். உலகறிந்த செயலி ஒன்றுக்குச் சில ஆயிரம் பதிவிறக்கங்களே காட்டினால் அது அசலாக இருக்க வாய்ப்பில்லை.

மதிப்புரைகளைப் படிக்கும்போது ஐந்து நட்சத்திரங்களை விட்டுவிட்டு, ஒன்றும் இரண்டும் பெற்றவற்றை, அதிலும் அண்மையில் எழுதப்பட்டவற்றைப் படியுங்கள். 'அருமை', 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொற்கள் எதையும் சொல்வதில்லை. 'கேட்காமலே பணம் பிடித்துவிட்டது', 'நிறுவிய மறுநாளிலிருந்து விளம்பரம்' என்று பலர் ஒரே குறையைச் சொன்னால் அந்தச் செயலியை விட்டுவிடுங்கள்.

இரண்டு ஸ்டோர்களிலும் தரவுப் பாதுகாப்பு பற்றிய ஒரு பகுதி இருக்கிறது. ஆப்பிள் இதை 2020 இறுதியிலும் கூகுள் 2022இலும் கொண்டுவந்தன. பயனுள்ள பகுதிதான். ஆனால் அதில் இருப்பது செயலியை உருவாக்கியவர்கள் தாங்களே தரும் அறிவிப்பு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

படி 4: அனுமதி கேட்கும்போது நில்லுங்கள்

இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6க்கு முன்பு, ஒரு செயலி கேட்பவை அனைத்துக்கும் நிறுவும்போதே மொத்தமாகச் சம்மதிக்க வேண்டியிருந்தது. இப்போது கேமரா, இருப்பிடம், மைக், தொடர்புகள் என ஒவ்வொன்றும் தேவைப்படும் நேரத்தில் தனியாகக் கேட்கப்படுகிறது. மறுக்கும் உரிமை நம் கையில் இருக்கிறது.

கியூஆர் படிப்பானையே எடுத்துக்கொள்வோம். அது கேமராவைக் கேட்கிறது. குறியீட்டைப் பார்க்காமல் படிக்க முடியாது என்பதால் அது நியாயம். 'ஆப்ஸைப் பயன்படுத்தும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்து தொடர்புகளைக் கேட்கிறது. எதற்கு? விடை இல்லை, மறுத்துவிடுங்கள். உங்கள் கைபேசியில் இருக்கும் தொடர்பு எண்கள் உங்களுடையவை மட்டும் அல்ல, அவற்றை நம்பிக் கொடுத்த மற்றவர்களுடையவையும்கூட. அடுத்து இருப்பிடத்தைக் கேட்கிறது, அதையும் மறுங்கள். இவ்வாறு மறுத்ததற்காகவே செயலி திறக்க மாட்டேன் என்றால், அதை நீக்குவதற்கு அதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. என் அக்காவிடம் நான் சொன்ன பதிலும் இதுதான்: உள்ளே விடாவிட்டால் போகட்டும், அந்தச் செயலியே வேண்டாம்.

வரைபடச் செயலிக்கு இருப்பிடம் தேவை. வானிலைச் செயலிக்குத் தோராயமான இருப்பிடம் போதும். ஐபோனில் 2020 முதலும், ஆண்ட்ராய்டு 12 முதலும் 'துல்லியமான இருப்பிடம்' என்பதை அணைத்துவிட்டுத் தோராயமானதை மட்டும் தரலாம். ஒரே ஒரு முறை தேவைப்படும் செயலிக்கு 'இந்த முறை மட்டும்' என்ற தெரிவு இருக்கிறது. ஒரு படத்தை அனுப்புவதற்காக எல்லாப் படங்களையும் திறந்துவிடத் தேவையில்லை. புதிய பதிப்புகளில் குறிப்பிட்ட படங்களை மட்டும் தேர்ந்தெடுத்துத் தரலாம்.

இவற்றைவிடப் பெரிய அனுமதிகள் நான்கு இருக்கின்றன. குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியைப் பெற்ற செயலி, உங்கள் வங்கி அனுப்பும் ஓ.டி.பி.யையும் படிக்கும். அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதியும் ஏறத்தாழ அதே விளைவைத் தருவது. மற்றச் செயலிகளின் மேல் தோன்றும் அனுமதிதான் அக்காவின் திரையில் விளம்பரங்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. நான்காவது அணுகல்தன்மை, நான்கிலும் இதுவே மிகவும் ஆபத்தானது. பார்வைக் குறைபாடோ கையசைவில் சிரமமோ உள்ளவர்களுக்குக் கைபேசி கைகொடுக்க வேண்டும் என்பதற்காக உருவான அருமையான வசதி அது. அதனாலேயே திரையில் உள்ளதைப் படிக்கவும், உங்களுக்குப் பதிலாகப் பொத்தான்களைத் தொடவும் அதனால் முடியும். வங்கிக் கணக்குகளைக் குறிவைக்கும் தீநிரல்கள் (தீங்கு செய்வதற்காகவே எழுதப்பட்ட நிரல்கள்) இந்த அனுமதியைத்தான் விடாமல் கேட்கின்றன. கடன் தரும் செயலியோ, விளையாட்டோ, காணொளிச் செயலியோ அணுகல்தன்மையைக் கேட்டால், காரணம் என்ன சொன்னாலும் மறுங்கள். வெளியிலிருந்து நிறுவிய செயலிகளுக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காதபடி ஆண்ட்ராய்டு 13 ஒரு தடையை வைத்திருக்கிறது. அந்தத் தடையை எப்படி நீக்குவது என்று ஒரு செயலி உங்களுக்குப் படம் போட்டு விளக்கினால், அந்த இடத்திலேயே அதை நீக்கிவிடுங்கள்.

செயலி பயன்பாட்டில் இருக்கும்போது திரையின் மேல் மூலையைக் கவனிக்கப் பழகுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் கேமராவோ மைக்கோ இயங்கினால் அங்கே பச்சை நிற அடையாளம் தோன்றும். ஐபோனில் கேமராவுக்குப் பச்சைப் புள்ளியும் மைக்குக்கு ஆரஞ்சுப் புள்ளியும் வரும். காரணமின்றி அது எரிந்தால், அமைப்புகளில் அந்த அனுமதியைப் பெற்ற செயலிகளின் பட்டியலைப் பாருங்கள்.

படி 5: சந்தாவைக் கவனியுங்கள்

'மூன்று நாள் இலவசம்' என்ற பொத்தானுக்குக் கீழே, மிகச் சிறிய எழுத்தில், அதன் பிறகு வாரந்தோறும் எவ்வளவு பிடிக்கப்படும் என்பது எழுதப்பட்டிருக்கும். படித்துவிட்டுத் தொடுங்கள். செயலியை நீக்கிவிட்டால் சந்தாவும் நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது நிற்காது, பணம் தொடர்ந்து பிடிக்கப்படும். பிளே ஸ்டோரில் உங்கள் சுயவிவரப் படத்தைத் தொட்டு, பணம் செலுத்துதலும் சந்தாக்களும் என்ற பகுதிக்குச் சென்று ரத்து செய்ய வேண்டும். ஐபோனில் அமைப்புகளைத் திறந்து, மேலே உள்ள உங்கள் பெயரைத் தொட்டால் சந்தாக்கள் பகுதி வரும்.

படி 6: மாதம் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள்

பிளே ஸ்டோரில் செயலிகளை நிர்வகிக்கும் பக்கத்தில், மிகக் குறைவாகப் பயன்படுத்தியவை முதலில் வரும்படி வரிசைப்படுத்தலாம். பல மாதங்களாகத் திறக்காதவற்றை நீக்கிவிடுங்கள். சேமிப்பிடத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. நேற்று நல்லதாக இருந்த செயலி இன்றைய புதுப்பிப்பில் மாறிவிடக்கூடும். ஒரு கோடிக்கும் மேற்பட்ட முறை நிறுவப்பட்டிருந்த பார்கோடு படிப்பான் ஒன்று, பல ஆண்டுகள் ஒழுங்காக இயங்கிய பிறகு, 2020 இறுதியில் வந்த ஒரு புதுப்பிப்புக்குப் பின் தானாகவே விளம்பரங்களைத் திறக்கத் தொடங்கியது. பின்னர் கூகுள் அதை ஸ்டோரிலிருந்து நீக்கியது. ஆனாலும் ஏற்கெனவே நிறுவியிருந்தவர்களின் கைபேசிகளில் அது இருந்தது. இதைக் காரணமாக வைத்துப் புதுப்பிப்பையே நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே புதுப்பிப்புகள்தாம்.

வேகம் குறைந்தால் 'கிளீனர்', 'பூஸ்டர்' என்ற பெயர்களில் வரும் செயலிகளை நாட வேண்டாம். அமைப்புகளில் அந்தந்தச் செயலியின் தற்காலிகச் சேமிப்பை அழித்தாலே போதும். பக்கத்திலேயே இருக்கும் 'தரவை அழி' என்பதைத் தவறித் தொட்டால் உள்நுழைவும், அந்தக் கைபேசியில் மட்டும் சேமித்திருந்தவையும் போய்விடும் என்பதால், தொடும் முன் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

படி 7: முறையாக நீக்குங்கள்

முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள். அடுத்து, செயலிக்குள் சென்று உங்கள் கணக்கை நீக்குங்கள். கடைசியாகச் செயலியை நீக்குங்கள். செயலியை மட்டும் நீக்கினால் உங்கள் தகவல்கள் அவர்களுடைய சேவையகத்தில் (சர்வர் கணினியில்) இருந்துகொண்டே இருக்கும். கணக்கு தொடங்கும் வசதி தரும் செயலி, அதை நீக்கும் வசதியையும் தர வேண்டும் என்று ஆப்பிள் 2022 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது.

சில செயலிகள் நீங்க மறுக்கும். அக்காவின் கைபேசியில் அந்தச் செயலிக்குப் பெயரும் இல்லை, படமும் இல்லை. பட்டியலில் ஒரு வெற்று இடம் மட்டும் இருந்தது. கைபேசியைப் பாதுகாப்புப் பயன்முறையில் மறுதொடக்கம் செய்தோம். பல ஆண்ட்ராய்டு கைபேசிகளில், அணைக்கும் பொத்தான் திரையில் தோன்றியதும் அதையே அழுத்திப் பிடித்தால் இந்தத் தெரிவு வரும். அந்தப் பயன்முறையில் நாம் நிறுவிய செயலிகள் இயங்குவதில்லை. விளம்பரம் நின்றுவிட்டது, ஆகவே குற்றம் நிறுவிய செயலிகளில் ஒன்றினுடையது என்பது உறுதியானது. அமைப்புகளில் 'சாதன நிர்வாகி' என்று தேடி, அந்தப் பெயரற்ற செயலிக்கு இருந்த நிர்வாகி உரிமையை முதலில் விலக்கினோம். அதன் பிறகுதான் நீக்கும் பொத்தான் வேலை செய்தது.

நீக்கிய செயலியில் வங்கி விவரத்தையோ கடவுச்சொல்லையோ தட்டச்சு செய்திருந்தாலோ, அதற்கு அணுகல்தன்மை அனுமதி தந்திருந்தாலோ, வேலை அங்கே முடிந்துவிடாது. கைபேசியின் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். வேறொரு கைபேசியிலிருந்து வங்கிக்குத் தகவல் சொல்லுங்கள். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு மற்றவற்றை மாற்றுங்கள், ஏனென்றால் மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மீட்கும் வழி பெரும்பாலும் மின்னஞ்சல்தான். இவை அனைத்தும் முடிந்த பிறகு, படங்களையும் தொடர்புகளையும் நகலெடுத்துக்கொண்டு, கைபேசியை ஆரம்ப நிலைக்கு மீட்டமைத்து, தேவையான செயலிகளை மட்டும் முதல் படியிலிருந்து ஒவ்வொன்றாக நிறுவிக்கொள்ளுங்கள்.