பழைய காருக்குப் பொருந்தும் கூலண்ட் சென்சார்

கேரள எல்லையில் வாளையார், கோபாலபுரம் பக்கம் தென்மேற்குப் பருவமழையில் ஓடும் வண்டி என்றால், புது கூலண்ட் சென்சார் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தின் சூட்டை அளப்பது) வாங்குமுன் அதன் சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். உள்ளிருக்கும் உலோகப் பின்களில் (pin) பச்சையாகக் களிம்பு பூத்திருந்தால் சென்சார் மேல் குற்றமே இல்லாமலும் இருக்கலாம்.

மாற்றத்தான் வேண்டுமென்றால், இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு கழற்றித் துடைத்து, பொறித்திருக்கும் பார்ட் நம்பரைப் படியுங்கள். அழிந்துபோயிருந்தால் சேஸிஸ் நம்பரை வைத்துத் தேடலாம்.

மரையும் சாக்கெட்டும் பொருந்தினால் மட்டும் போதாது. மின்தடை ஒத்துவர வேண்டும். பல வண்டிகளில் 20 டிகிரியில் சுமார் 2.5 கிலோ ஓம், 80 டிகிரி வெந்நீரில் சுமார் 300 ஓம் காட்டும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் அளவே முடிவானது. சூட்டிலும் மின்தடை அதிகமாகக் காட்டும் சென்சாரைப் போட்டால், இன்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாக ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிவிடும். கரும்புகை வரும், மைலேஜ் விழும். டேஷ்போர்டு மீட்டருக்கான ஒற்றை ஒயர் சென்சார் வேறு. அதை மாற்றி வாங்கிவிடாதீர்கள்.